அமைதியாகிவிட்டார், சரி; குணமாகிவிட்டாரா?

நேயர்களுக்கு வணக்கம்.

மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவரை வீட்டார் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். "எப்படி இருக்கார்?" என்று டாக்டர் கேட்கிறார். பதில் சொல்வது பெரும்பாலும் நோயாளி அல்ல. கூட வந்த அம்மாவோ அண்ணனோ முந்திக்கொள்வார்கள்: "இப்ப பரவாயில்லை சார், சத்தமில்லாம இருக்கான்." மனநல மருத்துவத்தைப் பல காலம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பதிலை எத்தனை பேர் வாயிலிருந்தோ கேட்டிருக்கிறேன். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லோபோடமியின் கதை ஞாபகம் வரும். அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உங்கள் நெற்றியில் கையை வையுங்கள். அந்த எலும்புக்குப் பின்னால் இருப்பது மூளையின் முன்மடல். திட்டமிடுவது, தயங்குவது, நாளை என்ன ஆகுமோ என்று கவலைப்படுவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அங்கிருந்து மூளையின் உள்பகுதிகளுக்கு ஓடும் நரம்பிழைகளை வெட்டிவிடுவதுதான் லோபோடமி. வெட்டியது திரும்ப ஒட்டாது.

தொடங்கியவர் போர்ச்சுகல் நாட்டு நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். சாதாரண ஆள் இல்லை. மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்க்கும் முறையை 1927இல் கண்டுபிடித்தவர் அவர்தான். அது இன்றும் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 1935 நவம்பரில் லிஸ்பன் நகரில், அல்மெய்தா லிமா என்ற அறுவை மருத்துவரைக் கொண்டு முதல் நோயாளியின் மண்டையில் துளையிட்டு, உள்ளே ஆல்கஹால் செலுத்தச் செய்தார். நரம்பிழைகளை அழிப்பதற்காக. பிறகு வெட்டுவதற்கென்றே ஒரு கருவி செய்துகொண்டார். 20 பேருக்குச் செய்தார். 7 பேர் குணம், 7 பேர் முன்னேற்றம், 6 பேருக்கு மாற்றமில்லை என்று மறு ஆண்டே வெளியிட்டார். அறுவைக்குப் பின் அவர்களைக் கவனித்தது சில வாரங்கள்தான். அறுவையைத் திட்டமிட்டவரும் அவர், மார்க் போட்டவரும் அவர்.

இங்கே சோப்ரால் சித் என்ற பெயரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். லிஸ்பனில் இருந்த மனநோய் மருத்துவமனையின் தலைவர். முதல் நோயாளிகளை மோனிஸுக்கு அனுப்பியவர் அவர்தான். அறுவை முடிந்து அவர்கள் திரும்பி வந்தது அவருடைய வார்டுகளுக்கு. தினமும் அவர்களைப் பார்த்தவர், இனி நோயாளிகளை அனுப்பமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். நோயாளியோடு கூடவே இருந்தவர் சொன்ன அந்த எதிர்ப்பை உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1949இல் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவில் இதை எடுத்துக்கொண்டவர்கள் நரம்பியல் மருத்துவர் வால்டர் ஃப்ரீமன், மூளை அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வாட்ஸ் என்ற இருவர். 1936 செப்டம்பரில் அவர்களிடம் வந்த முதல் நோயாளி, கான்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த 63 வயதுப் பெண்மணி. ஓயாத மனக்கலக்கம், தூக்கமின்மை. ஒப்புக்கொண்டுதான் வந்தார். ஆனால் தலையை மழிப்பார்கள் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார். தன் சுருள்முடி மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். முடிந்தவரை முடியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள். அறுவை நடந்தது. கண் விழித்த பிறகு அந்த முடியைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இந்த விவரத்தை ஃப்ரீமன் சந்தோஷமாகப் பதிவு செய்திருக்கிறார்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஒரு பெண்மணி தன் முடிக்காகத் தயங்கினார், பயந்தார், மறுத்தார். மறுக்கும் அந்த மனுஷி அறுவைக்குப் பின் இல்லை. நோயோடு சேர்ந்து என்னென்ன போயின என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கவலை இருக்கிறதா? இல்லை. அப்படியானால் வெற்றி. என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன்.

அப்புறம் வேகம் பிடித்தது. 1946இல் ஃப்ரீமன் புது வழிக்கு வந்தார். மின் அதிர்ச்சி கொடுத்து நினைவிழக்கச் செய்வார். இமையைத் தூக்கி, ஐஸ்கட்டி உடைக்கும் ஊசி போன்ற கருவியைக் கண்குழியின் மெல்லிய எலும்பு வழியாகச் சுத்தியலால் தட்டி இறக்கி, பக்கவாட்டில் அசைப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அறுவை அரங்கமோ அறுவை மருத்துவரோ வேண்டாம் என்றார். கூட்டாளி வாட்ஸ் அதை ஏற்காமல் விலகினார். மேற்கு வர்ஜீனியாவில் 1952இல் இரண்டே வாரத்தில் 200 பேருக்கு மேல் செய்தார் ஃப்ரீமன். அமெரிக்கா முழுவதும் லோபோடமி செய்யப்பட்டவர்கள் சுமார் 40,000 பேர் என்கிறார்கள். பெண்களே அதிகம். பின்னாளில் ஜனாதிபதியான கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல், 23 வயதில், தந்தையின் முடிவால் செய்தார்கள். நடையும் பேச்சும் பெருமளவு போயின. 2005இல் இறக்கும்வரை பிறர் கவனிப்பிலேயே வாழ்ந்தார்.

இவர்களைக் கொடூரர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1955இல் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தார்கள். மருந்து என்று சொல்ல ஒன்றும் இல்லாத காலத்திலிருந்தே அந்தக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. கூச்சலும் நெரிசலுமான அந்த வார்டில் ஒருவர் அமைதியானாலே பெரிய லாபமாகத் தெரிந்திருக்கும். அமைதி யாருக்கு வேண்டியிருந்தது என்பதுதான் என் கேள்வி.

1952இல் பாரிஸில் மனநோய்க்குக் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தது. அறுவை மெல்லக் குறைந்தது. ஆனால் மருந்தை முதலில் எப்படிப் பாராட்டினார்கள் தெரியுமா? கனடாவின் மனநல மருத்துவர் ஹைன்ஸ் லேமன் 1950களின் நடுவில், இது லோபோடமிக்கு மாற்றாக அமையலாம் என்று எழுதினார். கருவி மாறியது, அளவுகோல் அப்போதைக்கு மாறவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மனச்சிதைவு நோயில் மருந்து பல பேரை மறுபடி வேலைக்கும் குடும்பத்துக்கும் கொண்டுவந்திருக்கிறது. மருந்தின் அளவு கூடிப்போய், ஒருவர் நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், அதை "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் அவரையே சொல்லவிடுங்கள்.

இன்றைய அறுவைகளுக்கு வருகிறேன். பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி வைக்கிறார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம். இதையே கடுமையான மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் சோதித்தார்கள். 90 பேருக்குக் கம்பி வைத்து, 60 பேருக்கு மட்டும் மின்சாரத்தை இயக்கினார்கள். யாருக்கு இயங்குகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவை 2017இல் வெளிப்படையாக அச்சிட்டார்கள். லிஸ்பனில் நடக்காமல் போனது இதுதான். செய்தவரே மார்க் போடவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்து நண்பர் கை காட்டுகிறார். சென்னையில் 1960களில் டாக்டர் பாலசுப்ரமணியம், டாக்டர் ராமமூர்த்தி குழுவினர், அடக்க முடியாத மூர்க்கத்துக்காக பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள மூளையின் அமிக்டலா பகுதியில் செய்த அறுவைகளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அவர்களிடம் வந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 96ஆம் பிரிவு. மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதென்றால், விவரம் தெரிந்து நோயாளி தாமே தரும் ஒப்புதல் வேண்டும்; அதோடு உரிய வாரியத்தின் அனுமதியும் வேண்டும். மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தருவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. மருத்துவமனையில் யாராவது படிவத்தை நீட்டினால் இந்த இரண்டையும் தைரியமாகக் கேளுங்கள். வணக்கம்.