பெயரின் பின்பாதியைப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் சேர்ந்த கையோடு என் அக்கா மகள், ஒருவர் பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்கினாள். இரண்டே மாதத்தில் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். "மாமா, இதுல இருக்கறது ஐ5. என் தோழிகிட்ட இருக்கறது வெறும் ஐ3. ஆனா அவளோடது பறக்குது, இது நகரவே மாட்டேங்குது!"

கை வைக்கும் இடத்தில் ஐ5 என்று ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் பிராசஸரின், அதாவது லேப்டாப்பின் மூளையாக இருக்கும் சிப்பின், முழுப்பெயர் இருக்கும். இன்டெல் கோர் ஐ5 7200யூ. 2016-இல் வந்தது, இரண்டே கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் பகுதி இரண்டுதான். தோழியுடையது ஐ3 1215யூ. 2022-இல் வந்தது, ஆறு கோர். வேகமான பெரிய கோர் இரண்டு, சில்லறை வேலைகளைக் கவனித்துக்கொள்ளச் சின்ன கோர் நான்கு.

அங்கேயே ஒரு வீடியோ வகுப்பைத் திறந்து, கூடவே பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப், ஒரு ப்ராஜெக்ட் ஃபைல் என்று திறக்கச் சொன்னேன். பிராசஸரின் வேலைச்சுமையைக் காட்டும் சிபியு வரைபடம் 100 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. டைப் செய்த எழுத்து திரையில் தெரியவே ஒரு நொடி ஆனது. போதாததற்கு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏற்ற பிராசஸர்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இந்த 7200யூ இல்லை.

ஐ3, ஐ5, ரைசன் 5 என்பதெல்லாம் பெயரின் முன்பாதிதான். ஸ்டிக்கரில் இருப்பதும் விளம்பரத்தில் வருவதும் அதுதான். உண்மையான செய்தி பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 1215 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் பக்கம் வந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. இரண்டையும் காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஏழில் தொடங்கும் இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3. முதலாவதில் நான்கு கோர், இரண்டாவதில் ஆறு. முதல் இலக்கம் 7 என்பதால் இரண்டும் புத்தம் புதுசு போலத் தெரியும். மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். இன்னொன்றும் உண்டு: 7520யூ வரும் லேப்டாப்பில் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம், போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

இன்டெல் என்100 என்று ஒன்று வருகிறது. நான்கும் சின்ன கோர்கள், 6 வாட்தான். சூடாகாது, பேட்டரி நிற்கும். பள்ளிப் பிள்ளை பாடம் பார்க்க, கட்டுரை எழுத அது போதும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருடப் படிப்பை அதை நம்பித் தொடங்காதீர்கள். கடைசி எழுத்தையும் பார்த்துவிடுங்கள். யூ என்றால் மின்சாரச் சிக்கனம். எச் என்றால் வேகம், கூடவே சூடும் விசிறிச் சத்தமும். கேட் (CAD) எனும் கணினி வரைபட வேலை, வீடியோ எடிட்டிங் என்று இருப்பவர்களுக்கு எச். மற்றவர்களுக்கு யூ தாராளம். ஸ்னாப்டிராகன் என்ற வேறு வகை பிராசஸர் உள்ள லேப்டாப் வாங்க நினைப்பவர்கள், உங்கள் கல்லூரி சொல்லும் மென்பொருளும் ஆன்லைன் தேர்வுச் செயலியும் அதில் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிராசஸரைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம், இந்த லேப்டாப்புகளில் அதை மாற்றவே முடியாது. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். ரேமும் பல மாடல்களில் கூட்டலாம். பிராசஸர் மட்டும் வாங்கிய நாளில் இருந்ததுதான். அதற்காக ஐ7 தேடி அலைந்து, பணம் போதாமல் ரேமில் கைவைக்காதீர்கள். பன்னிரண்டாம் தலைமுறையிலோ அதற்குப் பிறகோ வந்த ஐ3 அல்லது ஆறு கோர் ரைசன் 5, கூடவே 16 ஜிபி ரேம் கிடைத்தால் பெரும்பாலான படிப்புக்கு அது ஏராளம்.

போன மாதம் அக்கா மகள் கடையில் நின்றபடியே கூப்பிட்டாள். பிராண்டையும் சொல்லவில்லை, நிறத்தையும் சொல்லவில்லை. "மாமா, ஏழு, அஞ்சு, மூணு, சைபர், யூ. மூணாவது நம்பர் மூணு. டாஸ்க் மேனேஜர்லயும் பாத்துட்டேன், ஆறு கோர்."

"வாங்கிக்கம்மா" என்றேன்.

வணக்கம்.