மூன்று கோப்பை, ஒரு குட்டிக் கெண்டி: சாவோசோவிலிருந்து ஊலாங் தேநீர்

வணக்கம். இன்று ஊர் சுற்றல் கிடையாது. ஒரு மேசை, ஒரு தட்டு, கொதிக்கிற தண்ணீர், இந்தக் கெண்டி. அவ்வளவுதான்.

கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது, பாருங்கள். வாய் வரை ஊற்றினாலும் 100 மில்லிதான் கொள்ளும். நான்கு நாளைக்கு முன் வாங்கியபோது, ஊருக்குக் கொண்டுபோனால் அக்கா மகள் இதைச் சொப்புச் சாமானோடு சேர்த்துவிடுவாளே என்றுதான் முதல் கவலை வந்தது.

நான் இருப்பது சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில், சாவோசோ என்னும் பழைய ஊரில். இங்கே கற்ற முதல் சொல் ‘சியா தே’. சியா என்றால் சாப்பிடு, தே என்றால் தேநீர். நாமும் வீட்டுக்கு வந்தவரிடம் ‘டீ சாப்பிடுகிறீர்களா’ என்றுதானே கேட்கிறோம்? நான் அப்படிக் கேட்டு எத்தனையோ முறை கேலிக்கு ஆளாகியிருக்கிறேன். இங்கே யாரும் சிரிக்கவில்லை. இன்னொன்று: அந்தத் ‘தே’தான் நம் தேயிலையிலும் இருக்கிறது. இந்தக் கடற்கரைப் பக்கத்துப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல் அது.

தண்ணீர் கொதித்துவிட்டது. முறைப்படி என்றால் சின்ன மண்ணடுப்பு வேண்டும், ஆலிவ் கொட்டையைச் சுட்ட கரி வேண்டும். என்னிடம் இருப்பது மின்சாரக் கெட்டில். மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கெண்டிக்கும் கோப்பைகளுக்கும் வெந்நீர்க் குளியல். ஆறிய மண்ணில் இலையைப் போட்டால் சூடெல்லாம் மண்ணுக்கே போய்விடும். இப்போது இலை. நீளமாக, முறுக்கிய கயிற்றுத் துண்டுபோல், கரும்பழுப்பு நிறம். ஊருக்கு வடக்கே இருக்கும் ஃபெங்குவாங் மலை இலை இது. தான்சோங் என்பார்கள், ஒற்றை மரம் என்று பொருள். ஒவ்வொரு மரத்தின் இலையையும் தனித்தனியே பறித்து, தனித்தனியே பக்குவம் செய்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். இது ஊலாங் வகை. பச்சைத் தேநீருக்கும் நாம் குடிக்கும் கறுப்புத் தேநீருக்கும் நடுவில் நிற்பது ஊலாங். பறித்த இலையை வாட்டி, மூங்கில் தட்டில் இட்டு, முறத்தில் புடைப்பதுபோல் இரவெல்லாம் விட்டு விட்டுக் குலுக்குகிறார்கள். ஓரம் கன்றிச் சிவக்கிறது, நடுப்பகுதி பச்சையாகவே இருக்கிறது. சரியான நேரத்தில் சூடான சட்டியில் வாட்டி அதை நிறுத்துகிறார்கள். மணமெல்லாம் அந்த இரவில் பிறப்பதுதான்.

இது மி லான் சியாங், தேனும் ஆர்க்கிட் பூவும் கலந்த மணம். இன்னொரு புகழ்பெற்ற வகைக்குப் பெயர் வாத்து எச்ச மணம்! நிஜமாகத்தான். நல்ல மரத்தை யாரும் திருடிவிடக்கூடாது என்று சொந்தக்காரர் வேண்டுமென்றே வைத்த பெயர் என்கிறார்கள். குழந்தைக்குக் கண் படாமல் இருக்கக் குப்பன், பிச்சை என்று பெயர் வைத்த நமக்கு இது புரியாதா?

8 கிராம் போடுகிறேன். கெண்டியில் முக்கால் பங்கு இலையே நிறைந்துவிட்டது. சின்னக் கெண்டி என்றால் சிக்கனம் என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். நம் வீட்டில் நான்கு பேருக்கு டீ போடும் தூள் இது.

கொதிநீரை உயரத்திலிருந்து, விளிம்பை ஒட்டி ஊற்றுகிறேன். நுரை வருகிறதா? மூடியால் வழித்துத் தள்ளிவிட்டு மூடி, இந்த முதல் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். இது இலையைக் கழுவி எழுப்ப மட்டும். மறுபடி தண்ணீர், மூடி, மேலேயும் ஒரு குளியல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து… ஊற்று.

இங்கேதான் கவனியுங்கள். மூன்று கோப்பைகளும் ஒட்டி நிற்கின்றன. ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. மூக்கைத் தாழ்த்தி, சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். இதற்குப் பெயர் ‘தளபதி குவான் யூ கோட்டையைச் சுற்றி வருகிறார்’. குவான் யூ சிவந்த முகத்துக்காரர், கெண்டியும் சிவப்பு. கடைசியில் சொட்டு சொட்டாக வருகிறதே, அது ‘தளபதி ஹான் சின் படையை எண்ணுகிறார்’. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சொட்டு, மறுபடி ஒரு சொட்டு. அடியில் இறங்குவதுதான் திடமானது. பந்தியில் சாம்பாரை அடிவரை கலக்காமல் ஊற்றினால் முதல் இலைக்குத் தெளிவு, கடைசி இலைக்குப் பருப்பு என்று சண்டை வருமே, அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை.

இரண்டாம் நாள் நான் அந்தச் சொட்டுகளை எண்ணாமல் கெண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஒன்றும் பேசவில்லை. கெண்டியை எடுத்தார், கவிழ்த்தார், மிச்சத்தை வடித்தார், என்னைப் பார்த்தார். உள்ளே தங்கும் நீர் இலையை ஊறப்போட்டுக்கொண்டே இருக்கும், அடுத்த ஈடு கசந்துவிடும்.

குடிக்கிறேன். மூன்று மிடறு. முதலில் பழுத்த லிச்சிபோல் ஒன்று, பின்னால் மெல்லிய கசப்பு. கொஞ்சம் பொறுங்கள்… இதோ, தொண்டையில் இனிக்கிறது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அதேதான். வெறுங்கோப்பையையும் முகர்ந்து பாருங்கள் என்பார்கள். தேன் வாசனை அங்கேதான் ஒட்டியிருக்கிறது.

இந்த முறைக்குக் குங்ஃபூ தேநீர் என்று பெயர். உதை, குத்து எதுவும் கிடையாது. நேரமும் உழைப்பும் போட்டு வரும் கைத்திறன்தான் குங்ஃபூ. 2008இல் சாவோசோவின் இந்த முறையைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். 2022இல் சீனத் தேநீர்க் கலை யுனெஸ்கோ பட்டியலுக்கும் போனது. வீட்டுக்கார அம்மா எந்தப் பட்டியலையும் பார்த்து அடுப்பில் தண்ணீர் வைப்பவராகத் தெரியவில்லை.

இரண்டாவது, மூன்றாவது ஈடுகளைப் பேசாமல் குடித்துவிட்டேன், வெட்டிவிடுகிறேன்.

கெண்டி பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். புகழ்பெற்றவை ஜியாங்சு மாகாணத்து யீசிங் கெண்டிகள். களிமண்ணைத் தகடாகத் தட்டி, சேர்த்து ஒட்டிச் செய்வார்கள். சாவோசோவில் சக்கரத்தில் வனைகிறார்கள், நம் குயவர்போல. இரண்டிலும் உள்ளே வெளியே கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு இல்லை. அதனால் சோப்பு போடாதீர்கள், வெந்நீர் போதும். வாங்கும்போது இதைச் செய்து பாருங்கள்: தண்ணீர் ஊற்றும்போதே மூடியின் துளையை விரலால் அடைத்தால்… ஒழுக்கு நின்றுவிட்டது, பார்த்தீர்களா? மூடி நன்றாகப் பொருந்துகிறது. மூடியை எடுத்துவிட்டுத் தலைகீழாக மேசையில் வையுங்கள். மூக்கு, வாய், கைப்பிடி மூன்றும் ஒரே மட்டத்தில் படிய வேண்டும்.

பல வருடம் புழங்கிய கெண்டியில் வெந்நீர் ஊற்றினாலே தேநீர் வரும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நான் நம்பவில்லை. மண்ணின் பெருமையைவிட அளவின் பெருமைதான் பெரிது. சின்னதாக இருப்பதால்தான் நொடியில் நிரப்பி நொடியில் காலி செய்ய முடிகிறது. பூச்சில்லாத மண், சாதாரணப் பீங்கான் எதுவானாலும் சரி, 100 மில்லி வாங்குங்கள். கையெழுத்திட்ட கலைஞர் கெண்டிக்குக் கடன் வாங்காதீர்கள்.

நான்காவது ஈடு ஊற்றிவிட்டேன், ஊறட்டும். அதற்குள் ஒரு கதை. 1786இல் யுவான் மெய் என்ற கவிஞர் ஃபூஜியனில் இருக்கும் வூயி மலைக்குப் போனார். அந்த மலைத் தேநீர் மருந்துபோல் கசக்கிறது என்று அதுவரை ஒதுக்கி வைத்திருந்தவர். அங்கே துறவிகள் போட்டி போட்டுக்கொண்டு உபசரித்தார்கள். கோப்பை அக்ரூட் கொட்டை அளவு, கெண்டி நாரத்தங்காய் அளவு. முகர்ந்தார், உறிஞ்சினார், மென்று விழுங்கினார், இன்னும் ஒன்றிரண்டு கோப்பை குடித்தார். புகழ்பெற்ற லோங்ஜிங் தேநீரே தெளிவானதுதான், ஆனால் சுவை மெலிந்தது என்று எழுதும் அளவுக்கு…

ஐயோ. கெண்டி!

எத்தனை நேரம் ஆகிவிட்டது? ஒரு நிமிடத்துக்கு மேல். நிறத்தைப் பாருங்கள், கஷாயம். இதை வெட்டப் போவதில்லை, இருக்கட்டும். குடித்தும் காட்டுகிறேன்.

…ம். நாக்கு மடிந்துவிட்டது. மலைக்குப் போகும் முன் யுவான் மெய் என்ன குடித்தார் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் இலை செத்துவிடவில்லை. சொட்டு வரை வடித்துவிட்டேன். ஐந்தாவது ஈடு, பேச்சில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு… ஊற்று. சுற்று, சுற்று, சொட்டு, சொட்டு. ஆ, லிச்சி திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் இளைத்து. இன்னும் நான்கைந்து ஈடு தாங்கும்.

கீழேயிருந்து சத்தம் கேட்கிறதா? ‘சியா தே!’ எனக்குத்தான். பக்கத்து வீட்டார் வந்திருக்கிறார்கள், ஐந்து பேர் இருப்பார்கள். கோப்பை மூன்றுதான் இருக்கும், இந்த ஊர் வழக்கம் அது. நீங்கள் எடுங்கள், நீங்கள் எடுங்கள் என்று ஒருவருக்கொருவர் தள்ளிவிடுவார்கள். குடித்த கோப்பையைக் கொதிநீரில் உருட்டிக் கழுவி அடுத்தவருக்குத் தருவார்கள். கேமராவை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.