கொட்டகையில கெட்டிப்பட்ட சத்தம்

வணக்கம் நேயர்களே. அமெரிக்க ராக் பேண்டுகள்ல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணைப் பத்திப் பேசுங்கன்னு நிலையத்துல கேட்டாங்க, நான் யோசிக்கவே இல்ல, க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்னு சொல்லிட்டேன். ரசிகர்கள் சுருக்கமா க்ரீடன்ஸ்ம்பாங்க.

'ப்ரவுட் மேரி' கேட்டிருப்பீங்க. எடுத்த எடுப்புல கிட்டார் தடதடன்னு படியிறங்கி வர்ற மாதிரி ஒரு சத்தம் வரும், பீத்தோவனோட ஐந்தாவது சிம்பொனி தொடங்கற விதம் மனசுல கிடந்துதான் அது வந்துச்சுன்னு பாட்டை எழுதிப் பாடின ஜான் ஃபோகர்டியே சொல்லிருக்கார். 1968ல வியட்நாம் சண்டை மும்முரமா நடந்துட்டிருக்கு, இவரு ராணுவ ரிசர்வ்ல மாட்டிக்கிட்டு இருக்காரு, ஒருநாள் உங்களை விடுவிச்சாச்சுன்னு கடுதாசி வருது. வீட்டு முன்னாடி புல்தரையில பல்டி அடிச்சிட்டு நேரா உள்ள போய் கிட்டாரை எடுத்தவருக்கு வந்த பாட்டு அது. வேலையை விட்டுட்டு ஆத்துப் படகுல ஏறிப்போற ஒருத்தரோட கதை. அந்த விடுதலை அந்தக் குரல்ல அப்படியே இருக்கு.

இதுல பாருங்க, மிசிசிப்பி ஆறு, லூசியானா சதுப்புக்காடுன்னு இவங்க பாடினதைக் கேட்டா அங்கேயே பொறந்து வளர்ந்தவங்கன்னு தோணும். ஆனா நாலு பேரும் கலிஃபோர்னியாக்காரங்க, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில எல் செரிட்டோன்னு ஒரு ஊரு. தெற்குப் பக்கத்து ப்ளூஸ், ராக்கபிலி ரிகார்டுகளைக் கேட்டுக் கேட்டே அந்த மண்ணை மனசுக்குள்ள கட்டிக்கிட்டாங்க. 'கிரீன் ரிவர்' பாட்டுல வர்ற ஆறுகூட, சின்ன வயசுல ஜான் குடும்பத்தோட லீவுக்குப் போன கலிஃபோர்னியா ஓடைதான், பேரை மட்டும் ஒரு சோடா சிரப் பாட்டில்ல இருந்து எடுத்தாரு. நேர்ல பார்க்காத ஊரைப் பாடறது பொய்யாகாதான்னு கேக்கறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல, ஏங்கி ஏங்கிக் கேட்ட காதுக்கு அந்த ஊரு சொந்தம்தான்.

ஜான், ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் மூணு பேரும் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிங்க, 1959லயே சேர்ந்து வாசிக்க ஆரம்பிச்சவங்க. ஜானோட அண்ணன் டாம் நாலு வயசு மூத்தவரு, ஆரம்பத்துல முன்னால நின்னு பாடினது அவருதான். பேரை மாத்தி மாத்தி வெச்சு, யாரும் கண்டுக்காம கிட்டத்தட்ட பத்து வருஷம் போச்சு. 1968ல முதல் ஆல்பம் வந்ததும் அணை உடைஞ்ச மாதிரி, 1969ல மட்டும் மூணு ஆல்பம், 1970ல இன்னும் ரெண்டு.

பெர்க்லியில ஒரு பழைய கிடங்குல தினமும் ஒத்திகை பார்ப்பாங்க. டக்கோட செல்லப்பேரு காஸ்மோ, ஃபேக்டரிக்குப் போற மாதிரி தினம் போறோமேன்னு அந்த இடத்துக்கு காஸ்மோஸ் ஃபேக்டரின்னு பேரு விழுந்து, அதுவே 1970 ஆல்பத்துக்கும் பேராச்சு. அக்கம்பக்கத்து பேண்டுங்கல்லாம் மேடையில மணிக்கணக்கா போன போக்குல வாசிச்சிட்டிருந்த காலம், இவங்க எல்லாத்தையும் கொட்டகையிலயே செதுக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனவங்க. 'ஃபார்ச்சுனேட் சன்' எடுத்துக்குங்க, ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு, அவ்வளவுதான், பெரிய இடத்துப் பிள்ளைங்க போருக்குப் போகாம தப்பிக்கறாங்க, இல்லாதவன் வீட்டுப் பிள்ளை போய்ச் சாகறான்ங்கற கோபம் மொத்தமும் அதுக்குள்ள அடங்கிடுச்சு. நீளமா வாசிக்கத் தெரியாதவங்களும் இல்ல. அதே 1970 ஆல்பத்துல 'ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' பதினோரு நிமிஷம் ஓடுது, ஹெட்ஃபோன் போட்டு டக்கோட டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்க, ஓடவும் மாட்டாரு, பின்தங்கவும் மாட்டாரு, வயல் வரப்புல ஒரே சீரா நடக்கற ஆளு மாதிரி போயிட்டே இருப்பாரு, அந்த நடையில மயங்கித்தான் நமக்கு நேரம் போறதே தெரியறதில்ல.

நாலு பேரும் சேர்ந்து அடித்தளத்தை வாசிச்சு முடிச்சப்புறம், பின்னணிக் குரல்களையெல்லாம் ஜான் ஒருத்தரே தனியா பாடிச் சேர்ப்பாரு. ரிகார்டு அவ்வளவு கச்சிதமா இருக்கறதுக்கு அது ஒரு காரணம், பேண்டு உடைஞ்சதுக்கும் அது ஒரு காரணம். ஒரு காலத்துல முன்னால நின்னு பாடின அண்ணன், தம்பி பின்னால ரிதம் கிட்டார் மட்டும் பிடிச்சிட்டு நிக்கறாரு. ஜான் செஞ்சது பாட்டுக்கு நல்லதுன்னு என் காது சொல்லுது, ஆனா டாமை நெனச்சா மனசு கனக்குது. 1971ல அவரு விலகினாரு, அடுத்த வருஷம் பேண்டே கலைஞ்சது, 1990ல அவரு இறந்தும் போயிட்டாரு, அண்ணன் தம்பிக்குள்ள அந்தப் பிணக்கு முழுசா தீரவே இல்ல.

அமெரிக்காவுல எந்தப் பாட்டு முன்னணியில இருக்குன்னு வரிசைப்படுத்தற பில்போர்டு பட்டியல்ல இவங்களோட அஞ்சு சிங்கிள், அதாவது தனியா வெளியிட்ட ரிகார்டு, ரெண்டாவது இடம் வரைக்கும் வந்துச்சு, ஒண்ணுகூட முதல் இடத்தைத் தொடல. ஆனா 1976ல வந்த 'கிரானிக்கிள்' தொகுப்பு இருக்கு பாருங்க, அது ஆல்பம் பட்டியல்ல பல நூறு வாரம் நின்னுடுச்சு.

ரிகார்டு கம்பெனியோட வந்த தகராறுல மனசு வெறுத்து ஜான் பல வருஷம் அந்தப் பாட்டுங்களைப் பாடவே இல்ல. 1987ல பாடகர் பாப் டிலன், நீ பாடலேன்னா 'ப்ரவுட் மேரி'யை, அதைத் தானும் பாடின டீனா டர்னரோட பாட்டுன்னே உலகம் நெனச்சுக்கும்னு சொல்லிப் பாட வெச்சாரு. பாட்டு உரிமையில பெரும்பங்கு அவரு கைக்கு வந்தது 2023ல, அப்போ அவருக்கு வயசு எழுபத்தேழு.

1969 ஆகஸ்ட்ல வுட்ஸ்டாக் இசைத் திருவிழாவுல இவங்க மேடை ஏறினப்போ நடுராத்திரி தாண்டிடுச்சு, கூட்டத்துல நிறையப் பேரு சேத்துலயே தூங்கிட்டாங்க. தூரத்து இருட்டுல யாரோ ஒருத்தர் மட்டும் லைட்டரைக் கொளுத்தி ஆட்டிக்கிட்டு, கவலைப்படாதே ஜான், நாங்க இருக்கோம்னு கத்தினாராம். மிச்சக் கச்சேரி முழுக்க அந்த ஒருத்தருக்காகவே வாசிச்சேன்னு ஜான் சொல்லிருக்கார். அன்னிக்கு முதல்ல வாசிச்சது 'பார்ன் ஆன் தி பையூ'. இப்போ அதோட ஸ்டூடியோ ரிகார்டைப் போடச் சொல்லிருக்கேன். முதல்ல கிட்டார் மட்டும் தனியா வரும், ஒரே கார்டு, தண்ணி மேல வெளிச்சம் நடுங்கற மாதிரி நடுங்கிட்டே நிக்கும், அவசரப்படாதீங்க, டக் வருவாரு. சவுண்டைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக்குங்க.