ஜாமீன் கிடைத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். காந்திபுரத்தில் பஸ் மாறுகிற எல்லோருக்கும் நஞ்சப்பா ரோட்டு ஜெயில் தெரியும். வ.உ.சி. அங்கே செக்கிழுத்த கதையும் தெரியும். கோவையில் பெண்களுக்கென்று தனிச் சிறை இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது. புழல், வேலூர், திருச்சி, மதுரை, கோவை என்று தமிழ்நாட்டில் அப்படி ஐந்து இருக்கின்றன. இலவச சட்ட உதவி வக்கீலாகப் பல வருஷம் அங்கே போய் வந்தவள் நான்.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். பெண்கள் 24 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நூற்றுக்கு நாலு. 2000-இல் இது நூற்றுக்கு மூன்றை ஒட்டி இருந்தது. ஆணும் பெண்ணுமாக மொத்தத்தில் நாலில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராதவர்கள்.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பார்த்ததெல்லாம் சாராய வழக்குப் பெண்கள். அப்புறம் வந்தவர்கள் நிதி நிறுவன வழக்குப் பெண்கள். முதலீட்டாளர் பணத்தைக் காப்பதற்கு 1997-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. கணவர் கம்பெனி ஆரம்பிப்பார், மனைவியை டைரக்டராகப் போடுவார். "கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேனுங்க." இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! கடனுக்குப் பெண் பெயர் வேண்டும், வழக்கிலும் அந்தப் பெயர் வந்துவிடும். ஜாமீனுக்கு ஆள் தேடும்போதுதான் பெயரில்லாமல் போகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர். முதலாளி வீட்டு நகை காணாமல் போன வழக்கு. மூன்றாவது வாரமே ஜாமீன் கிடைத்துவிட்டது. கேட்டுக்கொள்ளுங்கள், கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும், வீட்டு வரி ரசீதோடு. கணவர் "வர்றேன்" என்றார், வரவில்லை. கொழுந்தனார் போனையே எடுக்கவில்லை. நான் மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த அம்மணி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஆராச்சும் வந்தாங்களா?"

கடைசியில் பக்கத்துத் தறிக்காரம்மா வந்தார். கையில் மஞ்சப் பை. கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, குழுக் கடன் புத்தகம், மகளுடைய கல்யாணப் பத்திரிகைகூட இருந்தது. "எது வேணும்னு தெரியலீங்க, எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்." வரி ரசீதும் இருந்தது, பாலிதீன் கவரில் நாலாக மடித்து. பிரித்துப் பார்த்தால், செத்துப் பதினோரு வருஷமான மாமனார் பெயர்! வீட்டைக் கூட்டிப் பெருக்கி, வரியும் கட்டுவது இந்தம்மா, ரசீது மாமனாருக்கு. அந்த ரசீது செல்லவில்லை. ஜாமீன் கிடைத்த பிறகும் 47 நாள் அந்தப் பெண் உள்ளேயே இருந்தார். கையில் உத்தரவை வைத்துக்கொண்டு 47 நாள்!

2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் இதற்காகவே சில உத்தரவுகள் போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஆளே ஜாமீன் போட வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அதே வருஷம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்கு உதவி உண்டு; அப்போது வைத்த உச்ச வரம்பு 40,000 ரூபாய். இதெல்லாம் தறிக்காரம்மா காதுக்குப் போகவேண்டுமே, அதற்குத்தான் நான் ரேடியோவுக்கு வந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டுகிறார்கள். தாயோடு சிறையில் வளரும் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். ஆறு வயது வரை கூட வைத்துக்கொள்ளலாம், அவர்களைக் கைதிபோல நடத்தக்கூடாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மேல் இன்றைக்கு நேரமில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. உங்கள் ஊர் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். போகும்போது வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். வணக்கம்.