ஒரே ஒரு ‘1’: விளம்பரத் துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி

[திரையில்: கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரே வரி. டிஎன்டி: 1]

மூன்றெழுத்து, ஓர் எண். அவ்வளவுதான். நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது எந்தப் பக்கம் வேண்டும், எந்த மொழியில் வேண்டும் என்ற விவரங்களை உங்கள் பிரவுசர் சர்வருக்கு அனுப்பும். அவை போகும் இடத்துக்கு ஹெடர் என்று பெயர். அதில் இந்த வரியும் சேர்ந்து போனால், ‘டூ நாட் டிராக்’, என்னைப் பின்தொடராதே, நான் எந்தெந்தத் தளத்தில் என்ன பார்க்கிறேன் என்று குறித்து வைக்காதே என்று பொருள்.

இந்த வரியைப் பற்றி ஒரு குழு ஏழு வருடத்துக்கு மேல் பேசியது. கடைசியில் வரி செத்தது. அடுத்து வந்த வரியும் ஏறத்தாழ இதே வடிவம்தான். ஆனால் அது ஒரு பெரிய நிறுவனத்தை 12 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஒன்று ஏன் செத்தது, மற்றது எப்படிப் பிழைத்தது என்று பார்க்கலாம்.

[திரையில்: 1998]

கதை நடப்பது அமெரிக்காவில். இணைய நுகர்வோரின் அந்தரங்கத்துக்கு அங்கே பொதுவான மத்தியச் சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. துறையே தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்று விட்டுவைத்தார்கள். 1998இல் எஃப்டிசி எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம் 1,400க்கும் மேற்பட்ட தளங்களைப் பார்த்தது. திரட்டும் தகவலை என்ன செய்கிறோம் என்று ஏதோ ஒரு வார்த்தையாவது எழுதியிருந்தவை 14 சதவீதம். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஆணையர்கள் 3-2 என்று பிரிந்து, சட்டம் தேவை என்றார்கள். நாடாளுமன்றம் அப்படியொரு சட்டத்தை நிறைவேற்றவில்லை.

அதே ஆண்டு விளம்பர நிறுவனங்கள் கூடி என்ஏஐ என்ற அமைப்பின் பெயரில் விதிகள் எழுதின. நுகர்வோருக்குக் கிடைத்தது ‘ஆப்ட்-அவுட்’, அதாவது விலகும் உரிமை. அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் விலகினால், அந்த முடிவை நினைவில் வைக்க அவர்கள் உங்கள் பிரவுசரில் ஒரு குக்கி, அதாவது சின்னக் குறிப்பு ஒன்றை வைப்பார்கள். அந்தரங்கத்தில் அக்கறை உள்ளவர் என்ன செய்வார்? வாரம் ஒருமுறை குக்கிகளை அழிப்பார். அதோடு விலகல் குக்கியும் போய்விடும், பின்தொடர்தல் முதலிலிருந்து தொடங்கும். பிரவுசர் மாற்றினாலும் அதே கதி. 2010இல் வந்த ‘ஆட்சாய்சஸ்’ நீல முக்கோணத்துக்குப் பின்னாலும் பெரும்பாலும் இதே குக்கிதான். மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனம் வைக்கும் குக்கிகளைத் தடுக்கும் சஃபாரி போன்ற பிரவுசரில் விலகல் குக்கியை வைக்கவே வழியில்லை. அக்கறையுள்ளவனுக்கே பயன்படாத ஏற்பாடு. யாருக்காக அதை வடிவமைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

[திரையில்: வாயிற்காவலர், கையில் ஒரு சீட்டு]

ஆட்சாய்சஸுக்கு முன்பே தொழில்நுட்பக்காரர்கள் வேறு வழி ஒன்றை முயன்றிருந்தார்கள். பி3பி என்று பெயர். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு 2002இல் இதை நெறிமுறையாக ஏற்றது. தளம் தன் தனியுரிமைக் கொள்கையைச் சின்னச் சின்னக் குறியீடுகளாக ஹெடரில் அனுப்ப வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதைப் படித்து, மோசமான குறியீடு இருந்தால் மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடுக்கும். அந்தக் குறியீட்டுச் சீட்டே இல்லாவிட்டாலும் தடுக்கும்.

ஓட்டை எங்கே? பிரவுசருக்குப் புரியாத சொல் வந்தால் அதைப் பொருட்படுத்தாது. கூகுள் அந்த இடத்தில் ஆங்கிலத்தில், ‘இது பி3பி கொள்கை அல்ல’ என்றே எழுதி அனுப்பியது. பிரவுசர் அதில் தப்பான குறியீடு எதையும் காணவில்லை, எனவே குக்கியை உள்ளே விட்டது. ‘நான் திருமணத்துக்கு வந்தவனில்லை’ என்று எழுதிய அழைப்பிதழைக் காட்டிப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. ஃபேஸ்புக்கும் இதே உத்தியைக் கையாண்டது. 2010இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 33,139 தளங்களின் சீட்டுகளைச் சோதித்தபோது 11,176இல் பிழை. மூன்றில் ஒன்று. சொன்னது உண்மையா என்று சரிபார்க்க யாருமில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி.

[திரையில்: மீண்டும் அதே வரி. டிஎன்டி: 1]

2009இல் கிறிஸ்டோபர் சோகோயான், சிட் ஸ்டாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு மாதிரி நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எழுதினார்கள். குக்கி வேண்டாம், குறியீட்டுச் சீட்டு வேண்டாம், ஒரே ஒரு ‘1’ போதும் என்பதுதான் யோசனை. 2010 டிசம்பரில் எஃப்டிசி இதற்கு ஆதரவாகப் பேசியது. 2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4 இந்த வசதியோடு வந்தது. அதே ஆண்டு டபிள்யூ3சியில் குழு கூடியது. 2012 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை நிகழ்ச்சியிலேயே, பிரவுசரின் இந்தக் கோரிக்கையை மதிப்போம் என்று விளம்பரத் துறையின் கூட்டமைப்பான டிஏஏ அறிவித்தது.

அடுத்து எல்லாம் சிக்கல்தான். முதல் சிக்கல், ‘டிராக்’ என்றால் என்ன? குறிவைத்து விளம்பரம் காட்டுவதை நிறுத்துகிறோம், தகவல் திரட்டுவது வேறு என்றது விளம்பரத் தரப்பு. திரட்டுவதையே நிறுத்து என்றது தனியுரிமை ஆர்வலர் தரப்பு. அர்த்தம் முடிவாகாத வரை அந்த ‘1’ வெறும் எண்.

இரண்டாவது சிக்கல் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. 2012இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10இல் இந்த வசதியைத் தொடக்கத்திலேயே இயக்கி வைத்தார்கள். பயனர் தானாகத் தேர்ந்தெடுக்காத சமிக்ஞையை நாங்கள் ஏன் மதிக்க வேண்டும் என்று விளம்பரக்காரர்கள் கேட்டார்கள். இந்த நெறிமுறையை எழுதியவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங்கே, அந்தப் பிரவுசரிலிருந்து வரும் வரியைப் புறக்கணிக்கும்படி, பல தளங்கள் பயன்படுத்தும் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் திருத்தம் சேர்த்தார். கேள்வியில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனால் விலக நினைப்பவர் சிலராக இருக்கும்வரை மதிப்போம், எல்லாரும் விலகினால் மதிக்க மாட்டோம் என்பதுதான் உள்ளே இருந்த கணக்கு.

2013 செப்டம்பரில் டிஏஏ குழுவைவிட்டு வெளியேறியது. 2014இல் யாஹூ இந்த வரியை இனிமேல் பார்க்கப்போவதில்லை என்றது. 2019 ஜனவரியில் குழு மூடப்பட்டது. அதே ஆண்டு ஆப்பிள் சஃபாரியிலிருந்து இந்த வசதியை எடுத்துவிட்டது. சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: யார் இதை இயக்கியிருக்கிறார் என்பதே ஒருவரை அடையாளம் காண உதவும் இன்னொரு கைரேகையாகிவிட்டதாம். பின்தொடராதே என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியதால், கூட்டத்தில் எளிதாகப் பின்தொடர முடிந்தது. 2025 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸும் எடுத்துவிட்டது.

[திரையில்: “ஏமாற்றும் செயல்”, பிரிவு 5]

அப்படியானால் சுய ஒழுங்குமுறையால் ஒரு பயனும் இல்லையா? ஒன்று உண்டு. எஃப்டிசி சட்டத்தின் 5ஆம் பிரிவு ஏமாற்றும் வணிகச் செயலைத் தடுக்கிறது. எந்த வாக்குறுதியும் கொடுக்காத நிறுவனத்தை அந்தப் பிரிவால் பிடிப்பது கடினம். வாக்கைக் கொடுத்து மீறினால் பிடிக்கலாம். 2012இல் கூகுள் 2.25 கோடி டாலர் கட்டியது இப்படித்தான். சஃபாரியின் இயல்பு அமைப்பே உங்களைக் காக்கும் என்று பயனர்களிடம் சொல்லிவிட்டு, அதை மீறிக் குக்கி வைத்தார்கள் என்பது புகார். என்ஏஐ விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று சொன்னதும் குற்றச்சாட்டில் இருந்தது. முந்தைய ஆண்டு எஃப்டிசி போட்ட உத்தரவு ஏற்கெனவே தலைமேல் இருந்ததால்தான் அபராதம் விதிக்க முடிந்தது.

[திரையில்: செக்-ஜிபிசி: 1]

இப்போது இரண்டாவது வரி. குளோபல் பிரைவசி கன்ட்ரோல், சுருக்கமாக ஜிபிசி. 2020 அக்டோபரில் வந்தது. இதுவும் ஹெடரில் போகும் ‘1’தான். ஆனால் இங்கே வரிசை தலைகீழ். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே கலிஃபோர்னியாவின் விதிமுறை நடைமுறைக்கு வந்துவிட்டது. பயனர் பிரவுசரில் இயக்கும் இப்படிப்பட்ட சமிக்ஞையை, ‘என் தகவலை விற்காதே’ என்ற சட்டபூர்வக் கோரிக்கையாகவே தளம் ஏற்க வேண்டும் என்றது அது. ‘1’க்கு என்ன அர்த்தம் என்று கமிட்டி போட்டுப் பேச வேண்டியிருக்கவில்லை; சட்டத்தில் எழுதியிருந்தது.

2022 ஆகஸ்டில் செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 12 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பணம் வாங்கித் தகவலை விற்றதாகப் புகார் இல்லை. விளம்பர, பகுப்பாய்வுச் சேவைகளைப் பெற்றுக்கொண்டு மூன்றாம் தரப்பு டிராக்கர்களை உள்ளே விட்டது. பண்டமாற்றும் கலிஃபோர்னியாச் சட்டப்படி விற்பனைதான். ஜிபிசியையும் மதிக்கவில்லை. திருத்திக்கொள்ள 30 நாள் கொடுத்தும் திருத்தவில்லை.

தளம் நடத்துபவர்கள் எங்கே தவறுகிறார்கள்? பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமில்லை, வரிசைதான். ஒப்புதல் பேனர் ஏற்றப்படும் முன்பே விளம்பர டேக், அதாவது விளம்பர நிறுவனத்தின் சின்ன நிரல், ஓடிவிடும். சமிக்ஞையைப் படிப்பதற்குள் தகவல் போய்விடும். சர்வர் ஹெடரைப் பார்த்து வேறு வேறு பக்கம் தருகிறது, ஆனால் இடையில் பக்கத்தின் நகலை வைத்துத் தரும் கேஷ் அதை அறியாது என்றால், ஜிபிசி போட்டவருக்கும் டிராக்கர் உள்ள பக்கமே போகும். எதைப் பொறுத்துப் பக்கம் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் ‘வேரி’ ஹெடரில் செக்-ஜிபிசியைச் சேர்க்க மறப்பதால் வரும் கோளாறு இது. உள்நுழைந்திருக்கும் பயனருக்கு, விலகலை அந்தப் பிரவுசரோடு நிறுத்தாமல் கணக்கிலும் பதிய வேண்டும்.

வெளி நிறுவனத்தை நம்பிச் சும்மா இருப்பதும் செல்லாது. 2025 மே மாதம் டாட் ஸ்னைடர் என்ற துணிக்கடைக்கு 3,45,178 டாலர் அபராதம். அதன் விலகல் வசதி 40 நாள் வேலை செய்யவில்லை. ஜூலையில் ஹெல்த்லைன் 15.5 லட்சம் டாலர் கட்டியது. கூட்டாளி நிறுவனம் துறையின் பொது ஒப்பந்தத்தை ஏற்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டதே தவிர, சரிபார்க்கவில்லை.

[திரையில்: பிரவுசர் பதிவு]

உங்கள் பிரவுசரில் பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகள், அதில் தனியுரிமையும் பாதுகாப்பும், அதில் ‘என் தகவலை விற்கவோ பகிரவோ வேண்டாமென்று தளங்களிடம் சொல்’ என்பதைத் டிக் செய்யுங்கள். பிரேவ், டக்டக்கோ இரண்டிலும் ஏற்கெனவே இயங்கும். குரோமில் இல்லை, நீட்சி போட வேண்டும். பிறகு எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, முதல் கோரிக்கையைச் சொடுக்குங்கள். கோரிக்கை ஹெடர்களில் செக்-ஜிபிசி: 1 தெரிந்தால் போகிறது என்று அர்த்தம். தளம் மதிக்கிறதா என்பது வேறு கேள்வி. சமிக்ஞையை அணைத்து ஒருமுறை, இயக்கி ஒருமுறை பக்கத்தை ஏற்றி, மூன்றாம் தரப்புக் கோரிக்கைகள் குறைகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

மதுரையிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாமல் போகலாம். கலிஃபோர்னியா சட்டம் காப்பது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களை. ஐபி முகவரியை வைத்துத் தளங்கள் பிரித்துவிடும். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிரவுசர் சமிக்ஞையைப் பற்றிப் பேசவில்லை. அது காட்டும் வழி, ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் உதவும் பதிவுபெற்ற ‘ஒப்புதல் மேலாளர்’.

2027 ஜனவரி 1 முதல் பிரவுசர்களே இந்த வசதியை உள்ளுக்குள் வைத்துத் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025 அக்டோபரில் சட்டம் போட்டிருக்கிறது. அன்றைக்குக் குரோமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.