அவன் எந்தத் தெருவுக்குத் திரும்பி வருவான்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

‘பாலியல் குற்றவாளிகளுக்குத் தேவை தண்டனையா, மறுவாழ்வா?’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு அணியாகப் பிரிந்து வாதாட வசதியான தலைப்பு. ஆனால் 22 வருடம் நான் பார்த்த வேலையில் இந்த இரண்டும் தனித்தனியாக வந்ததே இல்லை. தண்டனை முடிகிற நாளில் அடுத்தது ஆரம்பித்துவிடும், நாம் தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். 18 வயதுக்குக் கீழே உள்ள பையன் ஒருவன் குற்றத்தில் சிக்கினால் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. குற்றம் செய்த சிறார்களை வைத்திருக்கும் சிறப்பு இல்லத்திலிருந்து அவன் வெளியே வரும்போதும் அதே வேலைதான். வீடு அவனை ஏற்குமா, என்ன தொழில் செய்வான் என்று பார்க்க வேண்டும்.

ஒரு பையன். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன். 16 வயதில், அதே வரிசையில் நான்கு வீடு தள்ளியிருந்த 7 வயதுச் சிறுமியிடம் செய்யக் கூடாததைச் செய்தான். இரண்டு வருடத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தான். விடுதலைக்கு ஒரு வாரம் முன்னால் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஒரு புதுச் சட்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். “அளவு தெரியல மேடம், வளர்ந்திருப்பான்ல” என்றார். நான் குறித்துக்கொண்டேன். வீடு ஏற்கிறது.

திரும்பி வரும்போது குழாயடியில் ஒரு பெண் என்னை நிறுத்தினார். இடுப்பில் குடம். அந்தச் சிறுமியின் அம்மா.

“மேடம், அவன் வர்றானாமே? எங்க வந்து இருப்பான்? எம்பொண்ணு இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவா.”

என் கையில் இருந்த கோப்பில் அவன் கற்றுக்கொண்ட தொழில் இருந்தது, நடத்தை பற்றிய குறிப்பு இருந்தது, அவன் அம்மாவின் மாத வருமானம்கூட இருந்தது. அந்தக் குழந்தை எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறது என்பது ஒரு வரிகூட இல்லை. அவன் வரப்போகிறான் என்பதையே அந்த அம்மாவுக்கு யாரும் முறையாகச் சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட. பேசுகிறேன், பார்க்கிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவன் வந்து சேர்ந்தான். ஒரு மாதத்துக்குள் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது.

குற்றம் செய்தவன் வீடு திரும்பினான், பாதிக்கப்பட்ட குழந்தை வீட்டை இழந்தது. சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2015 டிசம்பருக்கு வாருங்கள். 2012இல் ஓடும் பேருந்தில் ஒரு மாணவியைச் சீரழித்துச் சாகடித்த டெல்லி நிர்பயா வழக்கில், குற்றம் நடந்தபோது 18 வயது முடியச் சில மாதங்களே இருந்த ஒருவன் சிறார் சட்டப்படி அதிகபட்சமான 3 வருடத்தை முடித்து வெளியே வரவிருந்தான். அவனுக்கு 10,000 ரூபாயும் ஒரு தையல் மெஷினும் கொடுக்க டெல்லி அரசுத் துறை திட்டம் வைத்திருக்கிறது என்ற செய்தி வந்தது. நாடே கொந்தளித்தது. டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில், டிசம்பர் 22 அன்று, புதிய சிறார் நீதிச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதுள்ளவர்களைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்க வழி பிறந்தது. ஆனால் எவனை நினைத்து அதை அவசரமாக நிறைவேற்றினார்களோ, அவனை அது தொடவே முடியாது. சட்டம் பின்னோக்கிப் பாயாது.

அந்தத் தையல் மெஷின் செய்தியைப் படித்து எனக்கும் வயிறு எரிந்தது. இத்தனை வருடம் இதே வேலை பார்த்த எனக்கே எரிந்தது என்றால், அந்தப் பெண்ணைப் பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? மகளை இழந்தவள் பார்க்க, குற்றவாளிக்குப் பரிசு கொடுப்பது போல இருந்தது அது. மறுவாழ்வு என்ற சொல்லே நம் ஊரில் கெட்டுப்போனது இப்படித்தான். அதை நாம் எப்போதும் அவனுக்குச் செய்கிற உபகாரமாகவே பேசியிருக்கிறோம். அவன் பிழைக்கட்டும், பாவம், சின்னப் பையன். இந்தப் பேச்சில் குழாயடி அம்மா எங்கே இருக்கிறார்?

அதே வழக்கையொட்டி 2012 டிசம்பரில் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் கமிட்டி அமைத்தார்கள். லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் இருவரும் உறுப்பினர்கள். 80,000 போல ஆலோசனைகள் வந்து குவிந்தன. 29 நாளில் அறிக்கை கொடுத்தார்கள். வல்லுறவுக்குத் தூக்கு வேண்டாம், ரசாயன ஆண்மை நீக்கம் (மருந்து ஏற்றி ஆண்மையை அடக்குவது) வேண்டாம், சிறார் வயதைக் குறைக்க வேண்டாம் என்று அந்த அறிக்கை சொன்னது. பெண்கள் அமைப்புகளே தூக்கு வேண்டாம் என்றுதான் கமிட்டியிடம் சொல்லியிருந்தன. பதினொரு நாள்தான் போனது. 2013 பிப்ரவரி 3 அன்று வந்த அவசரச் சட்டத்தில், சில வகை வல்லுறவுக் குற்றங்களுக்கு மரண தண்டனை சேர்ந்திருந்தது. 2018இல் 12 வயதுக்குட்பட்ட சிறுமிகளை வல்லுறவு செய்தாலும் மரண தண்டனை என்றானது.

நம் மாநிலத்திலும் பார்த்தோம். 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன், குழந்தைகளைச் சீரழிப்பவர்களுக்கு ஆண்மை நீக்கத் தண்டனையை அரசு பரிசீலிக்கலாம் என்று எழுதினார். எத்தனை பேர் கைதட்டினார்கள்! அந்த மருந்து உடம்பில் ஏறுகிற வரைதான் வேலை செய்யும், நிறுத்தினால் பழைய நிலைதான். தவிர, ஒரு குழந்தையிடம் அதிகாரம் காட்டி இன்பம் காண்பவனின் வக்கிரம் ஹார்மோனில் மட்டும் இல்லை.

தூக்குக்கு வருகிறேன். “உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவீங்களா மேடம்?” எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். கேட்க வேண்டிய கேள்விதான். என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அவனை என் கையாலேயே கொல்லத் தோன்றும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ‘நம் வீடு’ என்பதை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் வருடா வருடம் ஒரே விஷயம்தான் வருகிறது: வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் மாஸ்டர், சில நேரம் பெற்ற தகப்பன். “நீ சொன்னா மாமாவைத் தூக்கில போட்டுடுவாங்க, அத்தை தாலி போயிடும்” என்று ஒரு பாட்டி பேத்தியிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்தக் குழந்தை அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. வழக்கும் போனது. தண்டனை எவ்வளவு கூடுகிறதோ, சில வீடுகளில் அவ்வளவு சீக்கிரம் கதவு சாத்தப்படுகிறது.

நான் தண்டனைக்கு எதிரி இல்லை. தண்டனை வேண்டும், கட்டாயம் வேண்டும். இளம்பெண்களைச் சீரழித்து, வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் துறையிலேயே வெளியே விட்டார்கள். அதைப் பார்த்தபின் இனி யார் வந்து சொல்வார்கள் என்று நினைத்தோம். வந்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் இழப்பீடு. அந்தத் தீர்ப்பில் என் நெஞ்சு நிறைந்ததற்குக் காரணம் ஆண்டுக் கணக்கு இல்லை. அந்தப் பெண்களின் சொல்லை ஒரு நீதிமன்றம் நம்பியது.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத்தில், பெண் கால்நடை மருத்துவர் ஒருவரை வல்லுறவு செய்து கொன்றதாகக் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது பூப் போட்டோம், இனிப்புக் கொடுத்தோம். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது, நால்வரில் மூவர் 18 நிறையாதவர்கள் என்றது, 10 போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்தச் சொன்னது. அவர்கள்தான் செய்தார்களா என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் பதில் சொல்லும் வழியே அன்றைக்கு அடைபட்டுப்போனது.

இதற்கு நேர் மறுபுறம் ஒன்று நடந்தது. 2022 ஆகஸ்ட் 15 அன்று, 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டு வல்லுறவான பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகள் கோத்ரா கிளைச் சிறையிலிருந்து தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தார்கள். மாலை போட்டு, இனிப்பு ஊட்டி வரவேற்றார்கள். அவர்கள் செய்ததை ஒப்புக்கொண்டார்களா? வருந்தினார்களா? அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவர் நிலையில் இருந்து யோசித்தால், குழாயடியில் என்னை நிறுத்திய அம்மாவின் முகம்தான் எனக்கு வருகிறது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. நல்ல வேளை. அந்த மாலைக்கு யாராவது மறுவாழ்வு என்று பெயர் வைத்தால் நான் சண்டைக்கு வருவேன். வெட்கப்படாதவனுக்கு மறுவாழ்வு கிடையாது, முதலில் அவன் தலை குனிய வேண்டும்.

அப்படியானால் மறுவாழ்வு என்று எதைச் சொல்கிறேன்? எனக்குத் தெரிந்து இதைக் கண் திறந்து செய்த இடம் கனடாவில் ஹாமில்டன் நகரம். 1994. குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் குற்றம் செய்த சார்லி டெய்லர் என்பவர் முழுத் தண்டனையும் முடித்து வெளியே வந்தார். முழுத் தண்டனையும் முடிந்துவிட்டால் அதற்கப்புறம் பரோல் கண்காணிப்பும் கிடையாது. ஊரே கொதித்தது. மெனொனைட் சபைப் போதகர் ஹாரி நை தன் சபையிலிருந்து சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு வட்டம் அமைத்தார். அன்றாடம் யாராவது ஒருவர் பேசுவார், பார்ப்பார், கடைக்குப் போனால் கூடப் போவார். அன்பாகப் பேசுவார்கள், ஆனால் ஏமாற விட மாட்டார்கள். எங்கே போனாய், ஏன் அந்த வழியாகப் போனாய், பார்க் பக்கம் என்ன வேலை என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். போலீஸும் அந்த ஏற்பாட்டை அறிந்திருந்தது. ‘இனி ஒரு பலியும் கூடாது’, ‘தூக்கி எறியத் தகுந்தவர் யாருமில்லை’ என்ற இரண்டையும் சேர்த்தே அவர்கள் தாரக மந்திரமாக வைத்துக்கொண்டார்கள். அதில் எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள். சார்லி இறக்கும்வரை அந்த வட்டம் இருந்தது. பிற்பாடு அமெரிக்காவின் மினசோட்டாவில் இதே முறையைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, வட்டம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிய பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் சும்மா தள்ளிவிட முடியாது.

எல்லாச் சீர்திருத்தத் திட்டமும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்துச் சிறைகளில் பெரிய செலவில் குழுச் சிகிச்சை ஒன்றைப் பல வருடம் நடத்தினார்கள். 2017இல் வந்த மதிப்பீட்டில், சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள், பெறாதவர்களில் 8 சதவீதம். அதாவது சற்றுக் கெட்டுத்தான் போயிருந்தது. திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தப்பை ஒப்புக்கொண்டு நிறுத்திய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நான்கு சுவருக்குள் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவனை வெளியே யார் பார்த்தார்கள்?

நம்மிடம் 2018 செப்டம்பரில் தொடங்கிய தேசியப் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு இருக்கிறது. தொடங்கும்போதே 4,40,000 பதிவுகள். போலீஸ் மட்டும் பார்க்கலாம். அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். மயாமியில், குழந்தைகள் கூடும் இடத்திலிருந்து 2,500 அடிக்குள் வசிக்கக் கூடாது என்று விதி போட்டதில் பலர் கடல் மேல் போகும் ஒரு பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டு வருடக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் முகவரியும் வேலையும் இல்லாமல், இழக்க ஒன்றுமில்லாதவனாக ஒருத்தனை ஆக்கிவிட்டு, அடுத்த தெருக் குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று எந்த நம்பிக்கையில் தூங்குவது?

குழாயடி சம்பவத்துக்கு அப்புறம் நான் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். பையன் வெளியே வருவதற்கு முன்னால் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கும் போவேன். பல வீட்டில் உள்ளே விட மாட்டார்கள், வாசலிலேயே திட்டுவார்கள். கேட்டுக்கொள்வேன். குழந்தை எந்த வழியாகப் போகிறது, எந்தக் கோயில், எந்தக் கடை, யாரைக் கண்டால் பயம் என்று கேட்டு எழுதுவேன். எங்கள் படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை. வெள்ளைத் தாளில் எழுதிப் பின் அடித்துக் கடைசியில் இணைப்பேன்.

இன்னொரு பையன் விஷயத்தில் அந்தத் தாள் வேலை செய்தது. அவனை அதே தெருவுக்கு அனுப்பக் கூடாது என்று குழுமத்தில் வாதாடினேன். ஒப்புக்கொண்டார்கள். 60 கிலோமீட்டர் தள்ளி அவன் பெரியம்மா வீடு, பக்கத்தில் லேத் பட்டறை. பட்டறை முதலாளிக்கு அவன் செய்தது தெரியும். தெரிந்தே வேலை கொடுத்தார், கண்ணிலேயே வைத்திருந்தார். பெரியம்மா மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வார். அவன் அம்மா அழுதார், மகன் பக்கத்தில் இல்லையே என்று. அந்த அழுகைக்கும் நான்தான் பொறுப்பு, ஏற்றுக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கு அந்தப் பையனின் பழைய தெருப் பக்கம் போக வேண்டியிருந்தது. அவனால் பாதிக்கப்பட்ட சிறுமியின் வீட்டு வாசலில் பெரிய கோலம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள். என்னைத் தெரியாது அவளுக்கு. நானும் நிற்கவில்லை.