கோபுரம் கட்டிய ஊரும், கல் பெயர்த்துக் காத்த வாசலும்

வணக்கம் மக்களே! காற்று இரைச்சல் கேட்கிறதா? பொறுத்துக்கொள்ளுங்கள். மலை உச்சியில் நிற்கிறேன், மைக்கின் பஞ்சு உறையை அறையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

இத்தாலியில், டஸ்கனியில் இருக்கிறோம். நான், அவர், எட்டு வயது மகள், அப்புறம் முழங்கால் வலியோடு என் அப்பா. சியெனாவில் தங்கிக்கொண்டு, இன்றைக்கு வாடகைக் காரில் மூன்று மலை ஊர்கள்.

முதல் ஊர் மோன்தெரிஜோனி, காலையிலேயே முடிந்துவிட்டது. போட்டி நகரமான ஃபிளாரன்ஸுக்குப் பயந்து சியெனாக்காரர்கள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோட்டை. சுமார் 570 மீட்டர் மதில், அதில் 14 கோபுரங்கள், உள்ளே ஒரு சதுக்கம், சின்ன தேவாலயம். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில், நரகத்தில் நிற்கும் ராட்சதர்களை இந்தக் கோபுரங்களோடுதான் ஒப்பிட்டார். அதை மகளிடம் சொன்னது என் தப்பு. பதினான்கு ராட்சதருக்கும் பெயர் வைத்து முடிக்கும்வரை அவள் கிளம்பவே இல்லை.

இப்போது நிற்பது சான் ஜிமிஞ்ஞானோ. காரை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெளி வண்டி நுழையக் கூடாது என்று சொல்லும், சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகையைப் பார்த்தால், மேப் என்ன சொன்னாலும் உள்ளே போகாதீர்கள். அங்கே கேமரா இருக்கும். போன பயணத்தில் வேறொரு ஊரில் அப்படி நுழைந்துவிட்டு, வீட்டுக்கு வந்து எல்லாம் மறந்துபோன பிறகு அபராதக் கடிதம் வாங்கினோம். என் வீட்டுக்காரர் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பாருங்கள்!

சரி, கோபுரங்களுக்கு வருவோம். ஒரு காலத்தில் 72 இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்று 14. எதிரியைக் கண்காணிக்கக் கட்டியவை என்று நினைத்தால் தப்பு. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டத்தான்! ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. குங்குமப்பூ வியாபாரத்தில் காசு கொழித்தது. பணக்காரக் குடும்பங்கள் ஒன்றோடொன்று மோதின, நீ ஒன்று கட்டினால் நான் அதைவிட உயரமாக. கடைசியில், நகர மன்றத்தின் கோபுரத்தைவிட உயரமாக எவரும் கட்டக் கூடாது என்று தடையே போட வேண்டியதாயிற்று.

1348-இல் கொள்ளைநோய் வந்தது. ஊர் பாதிக்கு மேல் காலி. 1353-இல் ஃபிளாரன்ஸுக்குக் கீழே போய்விட்டது. அதற்கப்புறம் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை. அதனால்தான் இவை மிச்சம். நாம் டிக்கெட் வாங்கி ரசிப்பது அவர்கள் நொடித்துப்போனதைத்தான்.

54 மீட்டர் உயரமுள்ள தோர்ரே குரோஸா கோபுரத்தில் நானும் மகளும் ஏறினோம். கடைசியில் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கிறது, குனிந்துதான் வெளியே வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் அப்பா கீழே, சதுக்கத்துக் கிணற்றடியில் கடுகளவு தெரிந்தார். இறங்கிப் போனபோது கிணற்றின் விளிம்புக் கல்லில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே, கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். கயிறு உரசி உரசி அறுத்த பள்ளங்கள், என் சுண்டுவிரல் முழுக்க உள்ளே போகிறது. “எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்றார். எறும்பு இல்லை அப்பா, எழுநூறு வருடத்துத் தண்ணீர்த் தாகம்.

மதியச் சாப்பாடு ரொட்டி, பீன்ஸ், கீரை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த ரிபொல்லீத்தா. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று ஆரம்பித்தார். ஊறுகாய்ப் பொட்டலம் கைப்பையில் இருந்தது, நல்லவேளை.

வொல்தெர்ராவுக்கு முப்பது கிலோமீட்டர், வளைவோ வளைவு. பின்சீட்டில் உட்காருபவர்கள் வயிற்றைக் கொஞ்சம் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மகள் ஒரு முறை இறங்கி வாந்தி எடுத்தாள், அதைக் காட்டவில்லை.

இதோ, இந்த ஊரில் நான் பார்க்க ஆசைப்பட்டது இந்த ஒரு வாசலைத்தான். போர்த்தா அல்லார்கோ. ரோமானியருக்கும் முந்தைய எத்ருஸ்கர்கள் காலத்தது, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. வளைவில் மூன்று கறுத்த கல் தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை, மழை தின்றுவிட்டது.

1944-இல் பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படை இதை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது, எதிரியின் வண்டி நுழையாமலிருக்க. ஊர்க்காரர்கள், நாங்களே அடைத்துத் தருகிறோம், இடிக்காதீர்கள் என்று மன்றாடி ஒரு நாள் அவகாசம் வாங்கினார்கள். இந்தத் தெருவில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்துச் சுமந்து வந்து வாசலை அடைத்தார்கள். வாசல் தப்பியது. சண்டை ஓய்ந்த பிறகு அடைப்பை எடுத்து வழியைத் திறந்துவிட்டார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். பழமொழி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கைத்தடியால் தரையை மெல்லத் தட்டிப் பார்த்தார். மகள்தான் கேட்டாள், “அப்போ இதுல எந்தக் கல்லும்மா அங்க போயிட்டு வந்தது?” இப்போது ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்து, “இது போயிருக்கும், இது போயிருக்காது” என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறாள். பார்க்கிங் நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது. சரி மக்களே, நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.